உள்ளே வரச்சொல்லும் திரை

திரையில் மூன்று பெண்கள். கதை என்று ஏதும் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் நம்மைப் பார்த்துவிடுகிறார்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை வம்புக்கு இழுக்கிறார்கள். சோதனைப் படம் என்ற பெயரில் நீங்கள் உண்மையில் எதைப் பார்க்க வந்தீர்கள் என்று தெரியாதா எங்களுக்கு என்ற தோரணையில் ஏசுகிறார்கள். பார்வையாளர்களில் ஒருவர் எழுகிறார். வரிசைகளுக்கு நடுவே நடந்து திரையை நெருங்குகிறார். அந்தத் திரை மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக வெட்டப்பட்டது. தள்ளினால் வழிவிடும், விட்டால் மூடிக்கொள்ளும். அவர் கீற்றுகளை விலக்கி உள்ளே நுழைந்து மறைகிறார். மறைந்த நொடியில் படத்துக்குள் அந்தப் பெண்களுக்கு நடுவே நிற்கிறார். அவர்கள் அவரைச் சூழ்ந்து உடைகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். கடைசியில் உடம்பில் ஒரு நூலும் இல்லாமல், துணிகளை அள்ளிப் பிடித்தபடி, அதே கீற்றுகளின் வழியே அரங்குக்குள் வந்து விழுந்து ஓடுகிறார்.

ஷூஜி தெராயாமா 1974இல் எடுத்த ‘ரோலா’ இவ்வளவுதான். ஒன்பது நிமிடம்.

இதை ஒரு வேடிக்கை வித்தை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த இணைப்பைப் பாருங்கள். நிஜ உடம்பு மறைவதற்கும் நிழலுடம்பு தோன்றுவதற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரம் தவறினாலும் எல்லாம் குலைந்துபோகும். படச்சுருள் யாருக்காகவும் காத்திருக்காது. காத்திருக்க வேண்டியவர் மனிதர்தான். எந்தச் சொல்லில் எழ வேண்டும், எத்தனை எட்டில் திரையை அடைய வேண்டும் என்று கணக்கிட்டு நடந்து, பார்ப்பவருக்கு அது ஆத்திரத்தில் எழுந்த நடையாகவே தோன்றச் செய்ய வேண்டும். அந்த நடையை நடந்தவர் ஹென்ரிக்கு மொரிசாகி, தெராயாமாவின் குழுவைச் சேர்ந்தவர். தெராயாமா இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், வெளிநாட்டுத் திரையிடல்களிலும், அவரே வந்து எழுந்து நடந்திருக்கிறார். அதனால் எடுத்தபோது இல்லாத ஒரு நயம் படத்துக்குத் தானாகக் கூடிவிட்டது. உள்ளே நுழைபவர் முதியவர். உள்ளே தோன்றுபவர் இளைஞர். வெளியே வந்து விழுபவர் மறுபடியும் முதியவர். யாரும் எழுதாத இந்தக் காட்சியைக் காலம் எழுதிச் சேர்த்திருக்கிறது. தெராயாமாவின் தாயார் பின்னாளில் மொரிசாகியைச் சட்டப்படி மகனாக ஏற்றார் என்பதால், குடும்பப் பதிவேட்டில் அவர் தெராயாமாவின் தம்பி.

தெராயாமா 1935 டிசம்பர் 10 அன்று, ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷூவின் வடகோடியில், அவோமோரி மாநிலத்து ஹிரோசாகியில் பிறந்தவர். தந்தை காவல்துறையில் வேலை பார்த்தார். போருக்குப் போய், போர் முடிந்த 1945 செப்டம்பரில் செலிபிஸ் தீவில் நோயில் இறந்தார். அதற்கு முன் ஜூலை 28 இரவு அமெரிக்க விமானங்கள் அவோமோரி நகரத்தை எரித்தபோது தாயும் மகனும் நெருப்புக்குத் தப்பி ஓடினார்கள். பிறகு மிசாவா, அங்கே அமெரிக்கத் தளத்தில் தாய்க்கு வேலை. அடுத்து அவள் வேலை தேடித் தெற்கே கியூஷூவுக்குப் போக, பையன் அவோமோரியில் உறவினர் நடத்திய திரையரங்கில் விடப்பட்டான். அவன் தங்கியது திரைக்குப் பின்னால் இருந்த அறையில்.

சினிமா பார்த்து வளர்ந்த இயக்குநர்கள் ஏராளம். சினிமாவின் முதுகுப்புறத்தில் வளர்ந்தவர்கள் அபூர்வம். திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் உருவங்கள் இடவலம் மாறித் தெரியும். எழுத்துகளைப் படிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் ஊடே பார்வையாளர்கள் இருக்கும் திசை தெரியும். திரை என்பது இரண்டு பக்கம் உள்ள ஒரு துணி என்பதைப் பதின்வயதிலேயே உடம்பால் அறிந்த ஒருவர்தான் பிற்பாடு அதைக் கீற்றாக வெட்டினார். வாழ்க்கையிலிருந்து கலைக்கு நேர்கோடு போடுவதில் எனக்குப் பொதுவாக நம்பிக்கை குறைவு. இந்த ஓரிடத்தில் மட்டும் அந்தக் கோட்டை அழிக்க மனம் வரவில்லை.

அவர் முதலில் கவிஞர். பள்ளியில் ஹைக்கூ, பிறகு தன்கா எனப்படும் 31 அசைக் கவிதை. 1954இல், பதினெட்டு வயதில், வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டிலேயே, ‘தன்கா கென்கியூ’ இதழின் புதுக்கவிஞர் பரிசு கிடைத்தது. கூடவே கண்டனமும் வந்தது: பிறருடைய ஹைக்கூ வரிகளை எடுத்துக் கோத்திருக்கிறார் என்று. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அவர் அதைவிட்டு விலகவும் இல்லை. தன் வரி, பிறர் வரி, நாட்டுப்பாட்டு, செய்தித்தாள் என்று கண்டதையெல்லாம் வெட்டி ஒட்டும் பழக்கம் கடைசிவரை இருந்தது. சொந்த வாழ்க்கையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓடும் ரயிலில் பிறந்ததாகத் தன் வரலாற்றில் எழுதினார். தாய் உயிரோடு இருக்கும்போதே இறந்த தாயைப் பற்றிக் கவிதைகள் செய்தார். அந்தத் தாய் ஹட்ஸு, மகனுக்குப் பின்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1991இல் மறைந்தார். கவிதையில் ‘நான்’ என்று வந்தால் அது கவிஞரின் சொந்த அனுபவமாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைய தன்கா உலகம் எதிர்பார்த்தது. தெராயாமாவின் ‘நான்’ ஒரு வேடம். பின்னாளைய நாடகக்காரர் அங்கேயே ஒப்பனையைத் தொடங்கிவிட்டார்.

கல்லூரி நாட்கள் பெரும்பாலும் சிறுநீரக நோயில், மருத்துவமனைப் படுக்கையில் கழிந்தன. வெளியே வந்தபின் வானொலி நாடகங்கள், மசாஹிரோ ஷினோதாவுக்குத் திரைக்கதைகள், குத்துச்சண்டைக் கட்டுரைகள், குதிரைப் பந்தயப் பத்திகள். இவற்றை வேகமாகக் கடந்து 1967க்கு வருகிறேன். அந்த ஆண்டின் முதல் நாள், மனைவி எய்கோ குஜோ, ஓவியர் தடானோரி யோக்கோ, இயக்குநர் யுதாகா ஹிகாஷி ஆகியோருடன் ‘தென்ஜோ சஜிகி’ நாடகக் குழுவைத் தொடங்கினார். மார்செல் கார்னேயின் ‘சொர்க்கத்தின் பிள்ளைகள்’ படத்துக்கு ஜப்பானில் வைத்திருந்த பெயரிலிருந்து எடுத்தது அது. அரங்கின் உச்சியில் கூரையை ஒட்டி இருக்கும் மலிவான இருக்கைகளைக் குறிப்பது. முதல் நாடகம் ‘அவோமோரியின் கூனன்’ ஏப்ரலில் மேடையேறியது. வீட்டைவிட்டு ஓடிப்போகச் சொல்லி அவர் எழுதியதைப் படித்துவிட்டு நிஜமாகவே ஓடிவந்த இளைஞர்கள் குழுவில் சேர்ந்தார்கள். 1969இல் ஷிபுயாவில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சிற்றரங்கம் எழுந்தது. முகப்பு, வரைகலைஞர் கியோஷி அவாசுவின் கைவண்ணம்.

1970 மார்ச்சில் அவர் நடத்திய ஓர் இறுதிச்சடங்கைச் சொல்லாமல் போக முடியாது. ‘நாளைய ஜோ’ என்ற சித்திரத்தொடரில் ரிகிஷி என்ற குத்துச்சண்டை வீரன் இறந்துபோகிறான். காகிதத்தில் வரைந்த ஆள். பதிப்பகக் கட்டடத்தில் அவனுக்காகக் குத்துச்சண்டை மேடை அமைத்து, உண்மையான பௌத்தத் துறவியை மந்திரம் ஓதச் செய்து, முறைப்படி அஞ்சலி நடந்தது. எழுநூறு பேர் அளவில் வந்தார்கள். கேலி செய்யும் நோக்கம் அங்கே யாருக்கும் இல்லை என்பதுதான் அழகு. சடங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. இறந்தவன் மட்டும் பிறந்ததே இல்லை. துக்கம் நிஜமாக இருக்க, துக்கத்துக்குரியவன் நிஜமாக இருந்தாக வேண்டுமா என்பதைக் கட்டுரை எழுதி விவாதிக்காமல், ஊதுபத்தி ஏற்றிக் கேட்டார் தெராயாமா.

மேடையை அவர் தெருவுக்குக் கொண்டுபோனதாகப் பொதுவாகச் சொல்வார்கள். எப்படிக் கொண்டுபோனார் என்பதில்தான் நயம் இருக்கிறது. ‘மனித விசை விமானம் சாலமன்’ நாடகத்தில் தெருவில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரைகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு அது ஒரு நாடு. ‘குருடர் கடிதம்’ முழு இருட்டில் நடக்கும் நாடகம். பார்வையாளர் கையில் தீக்குச்சிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எதை இழப்பது என்பது உரசுகிறவரின் பொறுப்பு. ஒரு குச்சி எரியும் நேரம் எவ்வளவோ அவ்வளவுதான் அவருக்குக் காட்சி. விரல் சுடும்வரை பிடித்திருந்தால் இன்னும் ஒரு கணம். பார்வைக்கு ஒரு விலை வைத்து, அந்த விலையை விரல்நுனியில் வசூலிக்கிறார்.

1975 ஏப்ரலில் நடந்தது ‘நொக்கு’, கதவு தட்டுதல். தோக்கியோவின் சுகினாமி வட்டாரம் முழுவதும் மேடை, முப்பது மணி நேரம். பார்வையாளர் கையில் ஒரு வரைபடம். பல இடங்களில் ஒரே சமயம் ஏதோ நடக்கிறது. முழு நாடகத்தையும் பார்த்தவர் என்று உலகத்தில் ஒருவரும் இருக்க முடியாதபடி அமைந்தது அது. பொதுக் குளியலகத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், வீட்டில் சும்மா இருந்தவர்கள் எல்லாம் கேட்காமலே அதில் பாத்திரங்கள் ஆனார்கள். புகார் போனது, காவல்துறை வந்தது, பத்திரிகைகள் கண்டித்தன. அந்த வட்டாரத்து மக்களின் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. சொல்லாமல் வந்து கதவைத் தட்டும் கலைக்குத் திறக்காமல் இருக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. 1971இல் வந்த ‘தக்காளி கெச்சப் சக்கரவர்த்தி’ படத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு எதிராகக் குழந்தைகள் ஆட்சியைப் பிடிக்கும் கதை. அதற்காக நிஜக் குழந்தைகளைப் பாலியல் காட்சிகளில் நிறுத்தியதை எந்தக் கலை நியாயமும் தாங்காது. தெராயாமாவை நேசிப்பவர்கள் அந்தப் படத்தின் முன் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

இனி ‘நாட்டுப்புறத்தில் ஒரு மரணம்’. 1965இல் வந்த தன் தன்காத் தொகுப்பின் பெயரையே வைத்து 1974இல் எடுத்தது; அடுத்த ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அவர் செய்த எல்லாவற்றிலும் நான் அதிக நேரம் தங்க விரும்புவது இதில்தான்.

இடுகாட்டில் கண்ணாமூச்சி நடக்கிறது. கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும் சிறுமி கையை எடுக்கிறாள். ஒளிந்திருந்த குழந்தைகள் கல்லறைகளுக்குப் பின்னிருந்து வெளியே வருகிறார்கள், பெரியவர்களாக. வேறு விளக்கம் கிடையாது. கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் ஒரு தலைமுறை போய்விட்டது. தேடுகிற ஒருத்தி மட்டும் குழந்தையாகவே நிற்கிறாள். படம் எதைப் பற்றியதோ அது முழுவதும் இந்தச் சில நொடிகளுக்குள் அடங்கியிருக்கிறது. முதல் முறை பார்ப்பவருக்கு அது தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதுதான் கைத்திறன்.

பிறகு ஊர் வருகிறது. அவோமோரியின் ஷிமோகித்தா தீபகற்பத்தில் உள்ள ஒசோரே மலை. கந்தகம் கக்கும் எரிமலைப் பாறை நிலம், இறந்தவர்களின் ஆவிகள் வந்து சேரும் இடமாகக் காலம்காலமாக நம்பப்படுவது. போரில் இறந்த தந்தையின் குரலைக் கேட்கச் சிறுவன் அங்கே ஆவியேறிப் பேசும் மூதாட்டியைத் தேடிப் போகிறான். அவன் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. ஊரார் பலருக்கும் அப்படியே. வானம் சில காட்சிகளில் இயற்கையில் இல்லாத வண்ணங்களைப் பூசிக்கொள்கிறது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் பழுதாகி, நேரம் கெட்டு அடித்துக்கொண்டே இருக்கிறது. சிறுவனுக்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டும். சின்ன ஆசைதான். ஆனால் நேரம் வீட்டுச் சுவரில் தொங்கினால் அது குடும்பத்தின் நேரம், தாயின் நேரம். மணிக்கட்டில் கட்டினால் அவன் நேரம், அதைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாம். வீட்டைவிட்டு ஓடுதல் என்ற தன் வாழ்நாள் பேசுபொருளை ஒரு கைக்கடிகாரத்துக்குள் இவ்வளவு சுருக்கமாக அடைத்த இன்னொரு படைப்பாளியை நான் அறியேன். நடுநடுவே திரையில் தன்காக்கள் எழுத்தாக வருகின்றன. வாசிக்கும் குரல் தெராயாமாவுடையது. தலைநகரில் எத்தனை ஆண்டு இருந்தும் அவர் பேச்சிலிருந்து வடநாட்டு இழுவை போகவில்லை.

அடுத்து ஆற்றில் ஒரு சிவப்புத் தட்டு மிதந்து வருகிறது. ஜப்பானில் பெண்குழந்தைகளுக்கான திருவிழாவில், சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன் அரசி பொம்மைகளை அடுக்குவார்கள். அந்தப் படிவரிசை, பொம்மைகளோடு, அப்படியே நீரில் வருகிறது. சற்று முன்புதான் ஊரார் தூற்றிய ஒரு தாய் தன் சிசுவை அந்த ஆற்றில் விட்டாள். இறப்பைக் காட்டிவிட்டு, அதன் மேல் இவ்வளவு ஒழுங்கான ஒரு சிவப்பை மிதக்கவிடுகிறார். பொம்மைகள் சாயாமல் இருப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இந்த அழகில் நாம் கிறங்கியிருக்கும்போது படம் நின்றுவிடுகிறது. முன்னோட்ட அறை. நாம் இதுவரை பார்த்தது ஓர் இயக்குநர் எடுத்துக்கொண்டிருக்கும் முடிவுறாத படம். அவருக்கே அதில் நிறைவில்லை. பழையதைப் பூச்சு பூசி அழகாக்கிவிட்டோம் என்று உறுத்துகிறது. கால இயந்திரத்தில் பின்னே போய் உன் கொள்ளுப்பாட்டியைக் கொன்றுவிட்டால் நீ இப்போது இருப்பாயா என்று ஒரு விமர்சகர் அவரைக் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு வெளியே வரும் நடுவயதுக்காரர் முன்னால், அதே வெள்ளை முகத்தோடு, சிறுவனாகிய அவரே வந்து நிற்கிறார். இருவரும் வயல்வெளியில் உட்கார்ந்து ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் காட்சி ஒன்று உண்டு. கடந்த காலத்தோடு பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். தெராயாமா இருவருக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, முறைவைத்துக் காய் நகர்த்த விடுகிறார். எதிராளியின் அடுத்த நகர்வு ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? தெரியவில்லை.

தாயைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டுப் போ என்று சிறுவனைத் தூண்டத்தான் பெரியவர் வந்திருக்கிறார். சிறுவன் அதைச் செய்யாமலே போய்விடுகிறான். கடைசியில் பழைய வீட்டில், தாழ்ந்த மேசையின் இருபுறமும், வளர்ந்த மகனும் வயது கூடாத தாயும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தன் சொந்தப் படத்தில்கூடத் தாய் ஒருத்தியைக் கொல்ல முடியாத நான் யார் என்று அவன் குரல் கேட்கிறது. அப்போது வீட்டுச் சுவர்கள் வெளிப்புறமாகச் சரிந்து விழுகின்றன. பின்னால் மலை இல்லை, வயல் இல்லை. ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் கிழக்கு வாசல். 1974இன் ஜனங்கள், வண்டிகள், விளம்பரப் பலகைகள். அவர்கள் இருவரும் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டம் அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஷின்ஜுகுவையும் ஒசோரே மலையையும் ஒரே முகவரியாகச் சேர்த்து, அதுதான் தன் பூர்விகம் என்று குரல் சொல்லி முடிக்கிறது.

இந்தக் காட்சியைப் புகழ்பவர்கள் சுவர் விழும் அதிர்ச்சியையே பேசுகிறார்கள். எனக்கு அதன் பிறகு வரும் நேரம்தான் பெரிது. வேறொருவர் என்றால் சுவர் விழுந்ததும் வெட்டியிருப்பார். தெராயாமா கேமராவை எடுப்பதில்லை. அதிர்ச்சி அடங்கி, வழிப்போக்கர்களின் முகங்களை நாம் கவனிக்கத் தொடங்கி, மறுபடியும் அந்த இருவரிடம் திரும்பும்வரை விட்டுவைக்கிறார். அந்த நிதானம்தான் தந்திரத்தைக் கவிதை ஆக்குகிறது.

1979இல் அரங்கேறிய ‘லெமிங்’ நாடகத்தில் அவர் இதே சுவரை இன்னொரு முறை தொட்டார். ஓர் அறையில் இரண்டு சமையல்காரர்கள். தரைக்கு அடியில் ஒருவனின் தாய் இருக்கிறாள். பக்கத்து அறைக்கும் அவர்களுக்கும் நடுவே உள்ள சுவர் ஒருநாள் காணாமல்போகிறது. குழுவின் கடைசி நாடகமும் அதன் மறுவடிவம்தான். திரைப்படத்தில் ‘பெட்டகமே, விடைகொடு’ இறுதிப் படம். மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ கதையைத் தழுவி 1982இல் ஒக்கினாவாவில் எடுத்தது. ஊரிலுள்ள கடிகாரங்களை எல்லாம் திரட்டிக்கொண்டுபோய்ப் புதைத்து, தலைக்கட்டு வீட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதில் தொடங்குகிறது அது. அந்தக் கைக்கடிகார ஆசையின் மறுபக்கம் இது: நேரத்தை ஒரே வீடு பூட்டிவைத்துக்கொண்டால் ஊர் முழுவதும் அந்த வீட்டுக்கு அடிமை. 1983 மே 4 அன்று, 47 வயதில், கல்லீரல் நோய் முற்றி அவர் இறந்தார். படம் 1984இல்தான் வெளியானது.

குறும்படங்களுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அவருடைய கைவேலை அங்கேதான் கூர்மை. 1977இல் வந்த ‘இரு தலைப் பெண்’ ஒரு நிழல் படம். சுவரில் விழும் நிழல்களில் பல, தீட்டப்பட்டவை. ஆள் நகர்ந்து போகிறார், நிழல் நிற்கிறது. உடம்பு ஒன்று செய்ய, நிழல் வேறொன்று செய்கிறது. விளக்கும் சுவரும் வண்ணமும் மட்டுமே வைத்துச் செய்த எளிய வேலை. தீட்டிய நிழலுக்கும் விழுந்த நிழலுக்கும் ஓரத்தின் மென்மையில் உள்ள வேறுபாட்டைக் கண் தேடத் தொடங்கிவிட்டால், பதினைந்து நிமிடம் போவதே தெரியாது.

‘விசாரணை’ 1975. அதில் எங்கே பார்த்தாலும் ஆணி. மனிதர்கள் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவன் ஆள் உயர ஆணியைச் சிலுவையைப் போல முதுகில் சுமந்து நடக்கிறான். ஏறத்தாழ அரைமணி நேரம் இப்படிப் போய், பிம்பங்கள் தீர்ந்து வெறும் வெள்ளை ஒளி மட்டும் திரையில் விழுகிறது. படம் முடியவில்லை. பார்வையாளர்களுக்குச் சுத்தியலும் ஆணிகளும் கிடைக்கின்றன. திரை, ஆணி இறங்கும் மரப்பலகை. எழுந்து வருகிறவர்கள் வெளிச்சத்துக்கு நடுவே நின்று அடிக்கிறார்கள். அவர்கள் நிழல்கள் பலகையில் பெரிதாக விழுகின்றன. ஒருவர் அடிக்கும் இடத்தை இன்னொருவர் நிழல் மறைக்கிறது. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுதான் படத்தின் மிச்சப் பகுதி. அன்று எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் நீளம் மாறும்.